‘இதர சொத்துகள்’ என்று எழுதினால் ஐபி முகவரி கைமாறாது

ஆசிரியருக்கு,

கடலூர், புதுச்சேரி பக்கம் சிறிய இணையச் சேவை நிறுவனம் ஒன்று கைமாறினால், ஓஎல்டி (ஃபைபரை வீடுகளுக்குப் பிரித்துவிடும் மையக் கருவி) எத்தனை, ஃபைபர் எத்தனை கிலோமீட்டர், சந்தாதாரர் எத்தனை பேர் என்று கிரய ஒப்பந்தத்தில் கணக்காக எழுதுகிறார்கள். இணையத்தில் ஒவ்வோர் இணைப்பையும் அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரி மட்டும் ‘மற்றும் இதர சொத்துகள்’ என்பதற்குள் போய்விடுகிறது. பின்னால் வழக்கு முளைப்பது அந்த ‘இதர’வில்தான்.

‘தானே’யிலும் ‘ஃபெஞ்ச’லிலும் அறுந்த ஃபைபரைத் திரும்ப இழுத்துவிடலாம். ஐபிவி4 என்ற பழைய வகை முகவரி அப்படி இல்லை. உலகம் முழுமைக்கும் சுமார் 429 கோடிதான். மையக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3இல் தீர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், முகவரிகளைப் பங்கிட்டுத் தரும் ஆசிய-பசிபிக் பதிவகமான ஏபினிக்கும் ரேஷன் முறைக்கு வந்துவிட்டது. இன்று புதிதாகச் சேரும் நிறுவனத்துக்கு அதிகபட்சம் 512 முகவரி. ஒரே முகவரியைப் பல வீடுகள் பகிர உதவும் உள் எண்தான் போர்ட்; ஒரு முகவரியில் 65,536 போர்ட். வீட்டுக்கு ஆயிரம் வீதம் பங்கிட்டால் ஏறத்தாழ 64 வீடு. ஆக, 256 முகவரி உள்ள ஒரே பிளாக்கை நம்பிப் பதினாறாயிரம் வீடுகள் இருக்கலாம். அதைப் பங்காளிச் சண்டையில் முடக்கினால் ஒரு சிறு நகரமே இருண்டுவிடும்.

வழக்கறிஞர்கள் பலர் இதை மனையைப் போல நினைத்து வாதாடுகிறார்கள். கோயில் நிலக் குத்தகையோடு ஒப்பிட்டால் ஓரளவு பொருந்தும்: அனுபவிக்கலாம், ஒப்புதலோடு இன்னொருவருக்கு மாற்றலாம், ஆனால் நிலம் உங்களுடையது அல்ல. முகவரிகள் சொத்து அல்ல, புதுப்பிக்கப்படும் உரிமத்தின் பேரில் தரப்படுபவை என்பதே ஏபினிக் கொள்கை. எந்த முகவரி யார் பேரில் என்ற பதிவேட்டை இந்தியாவில் வைத்திருப்பது, தேசிய இணையப் பரிமாற்ற அமைப்பான நிக்ஸியின் கீழுள்ள ஐரின். அந்தப் பதிவேட்டில் பெயர் மாறாதவரை, சார்பதிவாளர் முத்திரை குத்திய பத்திரம் கையில் இருந்தும் பயனில்லை.

வெளிநாட்டு நீதிமன்றங்களும் இதில் தடுமாறியிருக்கின்றன. திவாலான நார்டெல் நிறுவனத்தின் 6,66,624 முகவரிகளை 2011இல் மைக்ரோசாஃப்ட் 75 லட்சம் டாலருக்கு வாங்கியது; முகவரி ஒன்று 11.25 டாலர். திவால் நீதிமன்றம் அனுமதித்தது என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். வாங்கியவர் வட அமெரிக்கப் பதிவகமான ஏரினோடு ஒப்பந்தம் போட்ட பிறகே அது நிறைவேறியது என்பதை விட்டுவிடுவார்கள். அதற்கு முன், கிரெமென் என்பவர் தன் கடனாளியின் முகவரிகளைக் கைப்பற்ற நீதிமன்ற ஆணை பெற்றும் ஏரின் மாற்றிக் கொடுக்கவில்லை. அவர் 2006இல் தொடுத்த வழக்கு காலவரையறை கடந்ததென்று தள்ளுபடியானது. ஆப்பிரிக்காவில் நடந்தது இன்னும் மோசம். சுமார் 62 லட்சம் முகவரிகளை ஒரு நிறுவனத்திடமிருந்து திரும்பப் பெற முயன்ற அஃப்ரினிக் பதிவகத்தின் வங்கிக் கணக்குகளை 2021 ஜூலையில் மொரிஷியஸ் நீதிமன்றம் முடக்கியது. 2023இல் அதற்கு ரிசீவர் (நீதிமன்றம் அமர்த்தும் நிர்வாகி) நியமிக்கப்படும் நிலை வந்தது.

இனி, வாங்குகிறவர்கள் முன்பணம் தருவதற்கு முன் பார்க்க வேண்டியவை. முதலில் ஹூயிஸ் பதிவு, அதாவது முகவரி யார் பேரில் இருக்கிறது என்று எவரும் பார்க்கக்கூடிய பதிவகப் பட்டியல். அதில் யார் பெயர் இருக்கிறது? தனி உரிமையாளர் பெயரில் வாங்கிய பிளாக்கைப் பின்னர் தொடங்கிய பிரைவேட் லிமிடெட் விற்க வந்தால், இரண்டும் ஒருவருடையதே என்றாலும் பதிவகம் ஏற்காது. இடையிலுள்ள ஆவணச் சங்கிலியைக் கேட்கும். தொடர்பு மின்னஞ்சல் யாருடையது? பல இடங்களில் வேலையை விட்டுப்போன டெக்னீஷியனின் சொந்த ஜிமெயில்தான் அங்கே உட்கார்ந்திருக்கும். அவர் மனம் வைத்தால்தான் பாஸ்வேர்டு! அடுத்தது, முகவரி எந்தத் தேதியில் தரப்பட்டது என்பது. 103 என்று தொடங்கும் கடைசித் தொகுப்பிலிருந்து வந்ததானால், கொடுத்த 5 ஆண்டுகளுக்குள் விற்பனை மாற்றத்துக்குத் தடை உண்டு. இது தெரியாமல் ஆறு மாதத்தில் மாற்றித் தருவதாக எழுதிக் கொடுத்தவர், எழுதிய அன்றே ஒப்பந்தத்தை மீறியவர் ஆகிறார். 256க்குக் குறைந்த துண்டையும் மாற்ற முடியாது. எனவே மூன்று பங்காளிகளுக்கு ஒரே பிளாக்கைச் சமமாகப் பிரிக்கும் பேச்சே வேண்டாம்.

பெயர் மாறிய பிறகும் வேலை இருக்கிறது. ஒவ்வொரு வலையமைப்புக்கும் உள்ள அடையாள எண் ஏஎஸ் எண்; எந்த பிளாக்கை எந்த ஏஎஸ் எண் அறிவிக்கலாம் என்று சொல்வது ஆர்ஓஏ சான்று. விற்றவர் தன் ஏஎஸ் எண்ணுக்கு எழுதிய ஆர்ஓஏ சான்றை நீக்காமலும், வாங்கியவர் தன் எண்ணுக்குப் புதிதாக எழுதாமலும் இருந்தால், பெரிய வலையமைப்புகள் ‘இந்த முகவரிகள் என்னிடம்’ என்ற வாங்கியவரின் அறிவிப்பைச் செல்லாதது என்று தூக்கி எறியும். வீட்டில் இருப்பவருக்கு ‘நெட் இருக்கிறது, பாதித் தளங்கள் வரவில்லை’ என்றுதான் தெரியும். பழைய ஸ்பேம் பட்டியலில் பிளாக் சிக்கியிருக்கிறதா என்பதையும் வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது. பாக்கிப் பணத்தை எஸ்க்ரோவில் (மூன்றாம் நபர் பொறுப்பில்) வைத்து, ஹூயிஸில் பெயர் மாறிய அன்று விடுவிப்பதே எங்கள் பரிந்துரை.

ஒப்பந்தத்தில் தேதி மட்டும் போதாது, நேரமும் வேண்டும். சைபர் கிரைம் போலீஸ் ஒரு முகவரியை வைத்துத் தேடும்போது, அந்த நிமிடத்தில் அது யார் பொறுப்பில் இருந்தது என்று கேட்பார்கள். இணைப்புப் பதிவுகளை இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு உரிம நிபந்தனை. விற்றவர் சர்வரைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

வழக்கு தவிர்க்க முடியாததானால், ‘உரிமையாளர் நானே’ என்று நீதிமன்றம் அறிவிக்கும் விளம்புகை கேட்பதைவிட, எதிர்த்தரப்பு மாற்றப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும் என்று செயலுறுத்துக் கட்டளை கேட்பது பலன் தரும் என்பது எங்கள் கருத்து. இடைக்கால உத்தரவில் ‘தற்போதைய நிலை தொடர வேண்டும்’ என்று மட்டும் இருந்தால் ஆளுக்கொரு பொருள் சொல்வார்கள். எந்த ஏஎஸ் எண்ணிலிருந்து எந்த பிளாக் அறிவிக்கப்பட வேண்டும், ஐரினுக்கான ஆண்டுக் கட்டணத்தை யார் கட்ட வேண்டும் என்பதையும் அதிலேயே கேட்டு வாங்குங்கள். கட்டணம் நின்றுபோனால், தீர்ப்பு வரும்வரை பதிவகம் காத்திருக்காது.

இப்படிக்கு,
வலையமைப்புப் பொறியாளர்கள் சிலர்,
புதுச்சேரி – கடலூர்