டிரம்ஸ் தாளமும் மென்பொருளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினியில் அமைக்கப்படும் டிரம்ஸ் தாளத்துக்கு உயிரில்லை என்று தங்கள் நாளிதழில் வெளியான கருத்தைப் படித்தேன். அந்தக் குறை பெரும்பாலும் அமைப்பவரின் அவசரத்தால் வருவது என்பது என் எண்ணம். அமெரிக்கப் பொறியாளர் ரோஜர் லின் 1980இல் வெளியிட்ட எல்எம்-1 என்னும் டிரம்ஸ் இயந்திரத்திலேயே, கால் மாத்திரைகளில் (தாளத்தின் ஓர் எண்ணிக்கையில் நான்கில் ஒரு பங்கு) ஒன்றுவிட்டு ஒன்றைச் சற்றுத் தாமதப்படுத்தும் ‘ஸ்விங்’ வசதி இருந்தது: ஓர் இணையில் முதல் அடி பெறும் நேரம் 50 விழுக்காடு என்றால் நேர்நடை, ஏறத்தாழ 66 என்றால் மூன்றாகப் பிரியும் திஸ்ர நடையின் சாயல். மின்னணு இசைக்கருவிகளையும் கணினியையும் இணைக்க 1983இல் வந்த மிடி (MIDI) முறையோ ஒவ்வோர் அடிக்கும் 1 முதல் 127 வரை அழுத்த அளவு தருகிறது. இவ்வளவும் கையிலிருக்க, ஹை-ஹாட் என்னும் இரட்டை உலோகத் தட்டுக்குத் திரையில் உள்ள 16 கட்டங்களையும் ஒரே அழுத்தத்தில் நிரப்பிவிட்டு, எல்லா அடிகளையும், நேரத்தைச் சீராக்கும் ‘குவான்டைஸ்’ கட்டளையால் கட்டக் கோட்டின்மேல் நிறுத்திவிடுகிறோம். ஸ்னேர் டிரம்மின் முதன்மை அடிகளுக்கிடையே 30, 40 அழுத்த அளவில் மெல்லிய அடிகள் சிலவற்றை வைத்து, ஹை-ஹாட்டின் அழுத்தத்தையும் ஏற்றி இறக்கினாலே தாளம் நடக்கத் தொடங்கும். ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபு தாளத்துக்கும் வழியுண்டு. கட்டங்களை 14 ஆக்கி, ஆறும் எட்டுமாகப் பிரித்துக்கொள்ளலாம். மிருதங்கத்தின் இடப்பக்கத்தில் கையை அழுத்தித் தேய்த்து எழுப்பும் கும்கி நாதத்தை மட்டும் ஒற்றை ஒலித்துணுக்கைக் கொண்டு பெற முடியாது. அதற்கு வித்துவானையே அழைத்துவிடுவது உத்தமம்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர், மதுரை.