இப்னு ருஷ்தை மேடையேற்றுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பேச்சாளர்களே, கட்டுரையாளர்களே,

12ஆம் நூற்றாண்டின் ஸ்பானிய முஸ்லிம் தத்துவ அறிஞர் இப்னு ருஷ்து மதச்சார்பின்மையின் முன்னோடி, அவருக்கு முன் தத்துவவாதிகளை மறுத்து எழுதிய இமாம் கஸ்ஸாலி அறிவியலுக்குச் சமாதி கட்டியவர் என்று ஒரு தரப்பு வருந்துகிறது. "ஆமாம், தத்துவத்தை ஒழித்தது எங்கள் இமாம்தான்" என்று எதிர்த்தரப்பு அதே கதையைப் பெருமையோடு சொல்கிறது. இருவருமே அறியாமல் துணைக்கழைப்பது 1852இல் இப்னு ருஷ்து பற்றி நூல் எழுதிய பிரெஞ்சுக்காரர் ரெனானை. அவரை ஒட்டி அரபு எழுத்தாளர் ஃபரா அன்தூன் தம் 'அல்ஜாமிஆ' இதழில் எழுத, எகிப்தின் முஃப்தி முஹம்மது அப்துஹு 'அல்மனார்' இதழில் மறுத்தார். ஆட்சியும் மதமும் பிரிய வேண்டுமா என்பது அவர்கள் காலத்துக் கேள்வி.

இப்னு ருஷ்தின் கேள்வி அவருடைய 'ஃபஸ்லுல் மகால்' நூலின் தொடக்கத்திலேயே இருக்கிறது: தத்துவமும் தர்க்கமும் கற்பது ஷரீஅத்தில் ஆகுமானதா, தடுக்கப்பட்டதா, கடமையா? தகுதியுள்ளவருக்குக் கடமை என்கிறார். செவில்லேயிலும் கொர்தோபாவிலும் காஜியாக (நீதிபதியாக) இருந்த, மாலிக்கி சட்டப்பள்ளி அறிஞரின் ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) நடை அது. அதே நூலில், வசனங்களுக்கு அறிஞர் காணும் உட்பொருளைப் பொதுமக்கள் முன் வைக்கக் கூடாது என்கிறார்: நேர்ப்பொருள் குலைந்துவிடும், உட்பொருளும் பிடிபடாது, கேட்டவர் நிராகரிப்பில் விழுவார். 'அனைவருக்கும் பகுத்தறிவு' மேடையில் இந்தப் பக்கத்தை வாசித்தால் கைதட்டல் வருமா?

தத்துவவாதிகளை மறுக்கும் கஸ்ஸாலியின் நூல் 'தஹாஃபுத்' எடுத்துக்கொண்டவை 20 பிரச்சினைகள். குஃப்ரு (இறைநிராகரிப்பு) என்றது மூன்றை மட்டும்: உலகம் அநாதி, இறைவன் தனித்தனி நிகழ்வுகளை அறியான், உடல் மீண்டும் எழாது. கிரகணக் கணக்கை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவர் மார்க்கத்துக்கே கேடு செய்கிறார் என்று முன்னுரையிலேயே எச்சரிக்கிறார். அவர் 1111இல் மறைந்தார். 1259இல் ஈரானின் மராகாவில் வானியலாளர் தூஸியின் வான்காணகம் எழுந்தது. சமாதிக்குள்ளிருந்தா?

மதத்துக்கு ஓர் உண்மை, தத்துவத்துக்கு அதற்கு முரணான வேறோர் உண்மை என்ற 'இரட்டை உண்மை'க் கருத்தையும் இப்னு ருஷ்தின் தலையில் கட்டாதீர்கள். அது 1277இல் பாரிஸ் ஆயர் 219 கூற்றுகளைத் தடைசெய்தபோது அங்கிருந்த ஆசிரியர்கள்மேல் சுமத்திய பழி. "உண்மை உண்மைக்கு முரண்படாது" என்பதே இப்னு ருஷ்து எழுதியது.

மேற்கோள் காட்டும்போது நூற்பெயரோடு பிரச்சினை எண்ணையும் போடுங்கள். பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும், பிரச்சினை எண் மாறாது. 'தஹாஃபுத்'துக்கு இப்னு ருஷ்து எழுதிய மறுப்பான 'தஹாஃபுத்துத் தஹாஃபுத்' கஸ்ஸாலியின் பத்தியை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்துப் பதில் சொல்லும் நூல்; கொஞ்சம் அசந்தால் ஒருவர் வரி மற்றவர் வாய்க்குப் போய்விடும். "அபூ ஹாமித் கூறினார்" என்று பத்தி தொடங்கினால், பேசுவது கஸ்ஸாலி.

இப்படிக்கு,
மூலநூல் வாசகர்கள் சிலர்