எம்டனில் இருந்தவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

முதல் உலகப் போரில் சென்னையைத் தாக்கிய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனில் விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை வந்தார் என்ற கதை எங்கள் எல்லைப் பகுதி மேடைகளில் இன்னும் ஓயவில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைச் சுட்டவர் அதன் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர். கப்பல் ஜூலை 31-லேயே சீனாவின் சிங்தாவ் துறைமுகத்திலிருந்து கிளம்பிவிட்டது; நம் திருவனந்தபுரத்துக்காரரான பிள்ளையோ அந்த ஆண்டு ஐரோப்பாவில். அவருடைய பெருமைக்கு இந்த ஒட்டுப்போடல் தேவையே இல்லை.

முல்லரின் சாமர்த்தியத்தைச் சொல்லலாமே! மூன்று புகைபோக்கிக் கப்பலில் மரச்சட்டமும் கித்தானும் கொண்டு நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கி நிறுத்தி, பிரிட்டிஷ் போர்க்கப்பல் ‘யார்மத்’ போலக் காட்டினார். தாம் பிடித்த கப்பல்களிலிருந்தே நிலக்கரியை ஏற்றிக்கொண்டார். சென்னையில் தேடுவிளக்கு போட்டு, பர்மா ஆயில் கம்பெனி டாங்குகளைக் குறிவைத்து சுமார் 130 குண்டுகள். அரை மணிக்குள் ஆள் இல்லை. அடுத்த மாதம் லட்சத்தீவுகளின் மினிக்காய் பக்கம் கப்பல் வேட்டை.

நவம்பர் 9-ல் இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவில் கரையிறங்கிய எம்டன் வீரர்கள் சுமார் 50 பேர் திரும்புமுன் ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் ‘சிட்னி’ வந்துவிட்டது. எம்டனின் 10.5 செ.மீ. பீரங்கிகளுக்கு எதிரே 6 அங்குலப் பீரங்கிகள். முதலில் எம்டனின் குண்டுகள் சிட்னியைத் தாக்கின; பிறகு தூரம் விலகி நின்று சிட்னி அடித்தது. முல்லர் கப்பலைப் பவளத்திட்டில் ஏற்றினார். பிறகு மால்டாவிலும் இங்கிலாந்திலும் சிறை. முன்பே ஆப்பிரிக்காவில் பிடித்த மலேரியா கடைசிவரை விடவில்லை. 1923-ல் 49 வயதில் காலமானார்.

வாசகர், பாறசாலை