பத்து வயதுத் தொண்டையும் ஐந்தரைக் கட்டையும்: ஒரு அம்மாவுக்குக் கடிதம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பத்து வயது மகள் பாடிப் பார்க்கும் 'ஓ மியோ பாபினோ காரோ' என்ற இத்தாலிய ஓப்பரா (இசை நாடகம்) பாட்டை, அமெரிக்கச் சிறுமி ஜாக்கி இவாங்கோ 2010 ஆகஸ்டில் 'அமெரிக்காஸ் காட் டேலண்ட்' என்ற தொலைக்காட்சிப் போட்டி மேடையில் பாடியபோது அவளுக்கும் வயது 10தான். போட்டியில் கிடைத்தது இரண்டாம் இடம். ஆனால் நவம்பரில் வந்த அவளுடைய 'ஓ ஹோலி நைட்' இசைத்தொகுப்பு, அமெரிக்க ஆல்பங்களின் பில்போர்டு 200 தரவரிசைப் பட்டியலில் எடுத்த எடுப்பிலேயே 2ஆம் இடம் பிடித்தது.

அந்தப் புகழில் மைக்குக்கும் பங்குண்டு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஓப்பரா அரங்கில் மைக் கிடையாது. வாத்தியக் குழுவைத் தாண்டிக் கேட்க, குரலில் 3,000 ஹெர்ட்ஸையொட்டி ஒரு கூர்மை வேண்டும். பத்து வயதில் அதை வரவழைக்கப் பார்க்கவே கூடாது. மைக்கை நான்கு விரற்கடை தள்ளிப் பிடித்து மெல்லப் பாடட்டும். உச்ச ஸ்வரத்தில் ஒரு சாண் விலக்கினால் போதும்.

இத்தாலிய இசையமைப்பாளர் புச்சீனி 1918இல் இந்தப் பாட்டை வளர்ந்த பெண்ணின் குரலுக்கு எழுதினார். சுருதி, அதாவது பாட்டின் ஆதார ஸ்வரத்தின் உயரம், நம் கணக்கில் ஐந்தரைக் கட்டை. அந்தச் சுருதியில் பாடும் நம் பாடகிகள் தொடும் மேல் ஷட்ஜமத்துக்கும் (மேல் ஸ) ஒரு ஸ்தாயி, அதாவது ஒரு முழு ஏழு ஸ்வர அடுக்கு, மேலே போகிறது இந்தப் பாட்டின் உச்சம். சிறுமிகள் எட்டிவிடுவார்கள், அதுதான் ஆபத்து. பெரியவர்களின் கனத்தை வரவழைக்க நாக்கின் அடியை உள்ளே இழுப்பார்கள், தாடை நடுங்கும். பார்ப்பவர்கள் அதைக் கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடும் அழகு) போல நினைத்துக் கைதட்டுவார்கள்! 'ஆ' என்று நீட்டச் சொல்லி, முகவாய்க்கு அடியில் கட்டைவிரலை லேசாக வையுங்கள். அந்த இடம் கல்லாக இறுகினால் அன்றைக்குப் பாட்டு போதும். தொண்டைக்கட்டு இரண்டு வாரம் தாண்டினால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கும் குரல் உடையும். ஆண்களைப் போலக் கரகரக்காது. காற்றுக் கலந்து, நடு ஸ்வரங்கள் வலுவிழக்கும். கச்சேரி ஒப்பந்தங்கள் வந்து குவிவதும் அதே 11-14 வயதில்தான். வேல்ஸின் பாடகி ஷார்லட் சர்ச்சுக்கு முதல் ஆல்பம் 1998இல், 12 வயதில். 2005இல் பாப் பாட்டுக்குப் போய்விட்டார். நியூசிலாந்துப் பாடகி ஹேலி வெஸ்டன்ராவை உலகம் அறிந்தது 2003இல், 16 வயதில். 12க்கும் 16க்கும் இடையிலான அந்த நான்கு வருடத்தை நான் பெரிதாக நினைக்கிறேன்.

இப்போதைக்குக் கரோக்கி டிராக்கை மூன்று செமிடோன் (அரை ஸ்வரப் படி) இறக்கி, நான்கு கட்டையில் வையுங்கள். தினம் 20 நிமிடம். உச்ச ஸ்வரத்தைத் தனியாக மூன்று முறைக்கு மேல் பாட விடாதீர்கள்.

அன்புடன்.