கண்மாய்ப் பாசன விவசாயிகள் சங்கம்: 2025ஆம் ஆண்டறிக்கை

மந்தையில் கூடியிருக்கும் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நடுமடையின் ஷட்டரை மாற்றினோம், உபரி நீர் போகும் மறுகால் ஓடையில் கருவேலம் வெட்டினோம். மீன்பாசி ஏலக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இந்த வருஷம் நம் நேரத்தையெல்லாம் எடுத்துக்கொண்டது டங்ஸ்டன் சுரங்கப் பிரச்சினைதான்.

2024 நவம்பர் 7 அன்று, மேலூர் பக்கம் சுமார் 2,015 ஹெக்டேர் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனதை ஊர்க்காரர்கள் செய்தி பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். 2022இல் மாநில அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த அரிட்டாபட்டி மலையும் அந்த எல்லைக்குள் இருந்தது. 2023இல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி, டங்ஸ்டன் உட்பட 24 கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை ஒன்றிய அரசு தன் கையில் எடுத்துக்கொண்டதால் வந்த வினை இது. கிராம சபைகளில் தீர்மானம் போட்டோம். டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று நம் ஊரிலிருந்து மதுரைக்கு நடந்தவர்களில் பெண்கள்தான் அதிகம். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. அன்று ராத்திரி ஊரில் வெடி போட்டோம். சரி, முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

முடியவில்லை. செப்டம்பர் 8 அன்று ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை போட்டது. அணுக்கனிமங்களுக்கும் அந்த 24 கனிமங்களுக்கும் சுரங்கம் தோண்ட இனி மக்கள் கருத்துக்கேட்பு வேண்டாம் என்கிறது அது. நாடாளுமன்றத்தில் விவாதம்கூட இல்லை.

டங்ஸ்டன் விவகாரம் கருத்துக்கேட்பு வரைக்கும் போகவே இல்லையே, நமக்கு இதில் என்ன நஷ்டம் என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி அந்தக் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் கலெக்டர் முன்னால் யார் வேண்டுமானாலும் எழுந்து கேட்கலாம். கேட்டது எழுத்தில் ஏறும், கம்பெனி அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். தண்ணீரைப் பற்றிக் கேட்க நமக்கு இருந்த இடம் அது. நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே குழி போனால் ஊற்றெடுக்கும் நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்போது சுற்றியுள்ள கிணறுகள் என்ன ஆகும்? தோண்டிக் கொட்டிய பாறையில் கந்தகக் கனிமம் இருந்தால், காற்றும் மழையும் பட்டு அமிலமாகி உலோகத்தைக் கரைத்துக்கொண்டு ஓடும். எங்கே ஓடும்? இங்கே இருப்பவை சங்கிலிக் கண்மாய்கள். மேல்கண்மாய் மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க்கண்மாய் நிறையும். மேலே ஒன்று கெட்டால் கீழே உள்ள அத்தனை ஊர் வயலுக்கும் அதே தண்ணீர்தான். இது டெல்லியில் கோப்பு பார்ப்பவருக்குத் தெரியாது, மடை திறக்கிறவருக்குத் தெரியும். அடுத்த ஏலம் வந்தால் இதைச் சொல்ல நமக்கு இடமே இருக்காது.

இன்னொன்றும் உண்டு. 2024இல் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, பல குற்றங்களுக்கு இருந்த சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம் என்று ஆக்கிவிட்டார்கள். பெரிய சுரங்கத்துக்கு 15 லட்சம் ஒரு செலவுக் கணக்கு, அவ்வளவுதான். குறிப்பாணையையும் இந்தத் திருத்தத்தையும் திரும்பப் பெறக் கேட்டு அக்டோபரில் கையெழுத்து வாங்கி மனு அனுப்பினோம். பதில் இன்னும் வரவில்லை.

நவம்பரில் தண்ணீர் மாதிரி எடுக்க ஆரம்பித்தோம். இன்றைக்குத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று எழுத்தில் இல்லாவிட்டால், நாளைக்குக் கெட்டது என்று நிரூபிக்க முடியாது. மலைச்சுனையில் பாட்டிலை மூன்று தரம் அலசி, விளிம்பு வரை நிரப்பி, தேதி எழுதி ஒட்டிக்கொண்டிருந்தோம். ஆடு மேய்க்க வந்த அப்பத்தா ஒருவர் குனிந்து இரண்டு கையாலும் அள்ளிக் குடித்துவிட்டு, "இந்தத் தண்ணி நல்ல தண்ணின்னு எழுதி வேற காட்டணுமாப்பா?" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. ஆமாம் அப்பத்தா, காட்டத்தான் வேண்டியிருக்கிறது.

அடுத்த மாதிரி கோடையில், கிணறுகள் வற்றும் முன் எடுக்க வேண்டும். கீழ்க்கண்மாய் ஆயக்கட்டில் கிணறு வைத்திருப்பவர்கள் இன்றே பெயர் கொடுத்துவிட்டுப் போகவும். மனுவின் நகல் இந்த அறிக்கை முடிந்ததும் வாசிக்கப்படும், அப்புறம் தீர்மானத்துக்கு விடப்படும்.

இப்படிக்கு,
செயலாளர்