மண்டப வாடகைக்கு எதுக்கு வரி விலக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

மத நிறுவனங்களுக்கு வரி விலக்கு வேணுமா வேணாமான்னு பேச்சு வந்தாலே ரெண்டு கட்சியா பிரிஞ்சு சண்ட போடுறாங்க, நான் எங்க வீட்ல நடந்தத மட்டும் சொல்றேன்.

போன வைகாசியில தங்கச்சி கல்யாணத்துக்கு ஒரு மத டிரஸ்ட்டோட மண்டபம் புடிச்சோம். எந்த மதம்னு வேணாம். ஒரு நாளைக்கு மொத்தம் 80,000 வாங்கினாங்க, கைக்கு வந்தது ரெண்டு ரசீது, ஒண்ணுல மண்டப வாடகை 9,500, இன்னொண்ணுல கட்டட நிதி நன்கொடை 70,500. ஏங்க இப்படின்னு கேட்டா, எல்லாருக்கும் இப்படித்தாங்கனுட்டார் ஆபீஸ்ல இருந்தவர். அப்புறம் தெரிஞ்ச ஆடிட்டர் ஒருத்தர் சொல்லித்தான் புரிஞ்சுது, பதிவு பண்ண மத டிரஸ்ட் தன்னோட வளாகத்துல இருக்குற மண்டபத்த ஒரு நாளைக்கு 10,000க்கு கீழ வாடகைக்கு விட்டா ஜிஎஸ்டி கெடையாதாம், அதுக்கு மேல போனா 18 சதவீதம். நாங்க விருப்பப்பட்டு ஒரு ரூபா கூட நன்கொடை குடுக்கல சார், குடுத்தது முழுசும் வாடகை.

மறுநாள் காலைல பாத்திரம் எடுக்கப் போனப்ப வாசல்ல எச்சி இலை மூட்ட மூட்டையா கெடந்துச்சு, மாநகராட்சி அக்கா ஒருத்தங்க ஒத்த ஆளா வண்டில அள்ளிப் போட்டுட்டு இருந்தாங்க. அவங்க சம்பளத்துக்கு எங்க சின்ன ஸ்டேஷனரி கடையில இருந்தும் அரையாண்டுக்கு ஒருதடவ சொத்து வரி போகுது, லேட்டானா நோட்டீஸ் வந்துருது.

கும்புடுற எடத்துக்கு வரி போடச் சொல்லல. எங்க தெரு மாரியம்மன் கோயில்ல வெளக்கு எண்ணெய்க்கே ஆள் தேடுறாங்க, அரசாங்கத்தோட ஒருகால பூஜைத் திட்டமே இந்த மாதிரி கோயிலுங்களுக்காக வந்ததுதான். உண்டியல்ல போடுறவங்ககிட்ட பேரு கேக்கவும் முடியாது, அதுக்கு வரி இல்லாம இருக்குறது சரிதான். அதே மாதிரி கோயில்னா ஒண்ணுமே கட்டுறதில்லன்னு பேசுறதும் தப்பு, அறநிலையத்துறைக்கு கீழ இருக்குற வருமானம் உள்ள கோயில்கள் நிர்வாகச் செலவுக்கு 12 சதவீதம் வரைக்கும், தணிக்கைக்கு 4 சதவீதம் வரைக்கும்னு கட்டிட்டுத்தான் இருக்கு.

ஆனா வருமானம்னா வருமானம்தான். அரசு உதவி பெறுற பள்ளியில பாடம் நடத்துற கன்னியாஸ்திரிகள், பாதிரியார்கள் சம்பளத்துல டிடிஎஸ், அதாவது வருமான வரிய முன்கூட்டியே புடிக்கலாம்னு 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, சம்பளம் சபைக்குத்தான் போகுது, நாங்க எதையும் சொந்தமா வச்சுக்கறதில்லன்னு அவங்க சொன்னது உண்மையாவே இருந்தும் கூட. அவங்களுக்கே அப்படின்னா ஒரு நாளைக்கு 80,000 வாங்குற ஏசி மண்டபத்த எப்படி விடுறது?

எந்த மத டிரஸ்ட்டா இருந்தாலும் மண்டபத்துக்கு வாங்குற மொத்தப் பணத்தையும் ஒரே ரசீதுல வாடகைன்னே எழுதணும்னு அரசு உத்தரவு போடணும். வழிபாட்டு எடத்தையும் வாடகைக்கு விடுற கட்டடத்தையும் மாநகராட்சிக்காரங்க தனித்தனியா அளந்து, வாடகைக் கட்டடத்துக்கு எங்க கடைக்குப் போடுற அதே சொத்து வரி ரேட்ட போடணும்.

இப்படிக்கு,
ஒரு கடைக்கார வாசகர்,
திண்டுக்கல்