வீட்டில் பொருத்தலாம் என்று விற்ற பவர் ஸ்டீயரிங் பம்ப்புக்கு உத்தரவாதம் மறுத்தது குறித்த புகார்

அனுப்புநர்
சரக்கு பிக்கப் வண்டி உரிமையாளர்,
ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்
குறைதீர்ப்பு அலுவலர்,
வாகன உதிரிபாக இணைய விற்பனை நிறுவனம்,
சென்னை.

பொருள்: பழுதான பவர் ஸ்டீயரிங் பம்ப்புக்கு உரிய தொகையைத் திருப்பித் தரவும், உத்தரவாத நிபந்தனை குறித்து விளக்கம் தரவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தங்கள் இணையதளத்தில் ரூ. 6,850 செலுத்தி என் பிக்கப் வண்டிக்கு வாங்கிய பவர் ஸ்டீயரிங் பம்ப், பொருத்திய சில நாட்களுக்குள்ளேயே ஷாஃப்ட் சீல் (சுழலும் தண்டைச் சுற்றி ஆயில் வெளியேறாமல் தடுக்கும் வளையம்) வழியாக ஆயில் ஒழுகத் தொடங்கியது. அதற்கு ஓராண்டு உத்தரவாதம் உண்டு என்று ரசீதிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. ஆயினும், அங்கீகரிக்கப்பட்ட பணிமனையில் பொருத்தப்படவில்லை என்ற ஒரே காரணத்தைக் கூறித் தங்கள் சேவைப் பிரிவு என் கோரிக்கையை நிராகரித்துவிட்டது. சாதாரணக் கருவிகளைக் கொண்டு வீட்டிலேயே பொருத்திக்கொள்ளலாம் என்று எந்த விற்பனைப் பக்கத்தில் எழுதியிருந்ததை நம்பி வாங்கினேனோ, அந்தப் பக்கத்திலோ, பெட்டிக்குள் வந்த துண்டுத்தாளிலோ, ரசீதிலோ இப்படியொரு நிபந்தனை இல்லை. பணம் வாங்கும்போது இல்லாத நிபந்தனை, பழுதைச் சொன்ன பிறகு முளைத்ததை என்னால் ஏற்க இயலவில்லை.

வீட்டில் பொருத்தியதால்தான் பம்ப் கெட்டது என்று தங்கள் பிரதிநிதி தொலைபேசியில் கூறியதால், வேலை நடந்த விதத்தைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. பழைய பம்ப் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் முனகிக்கொண்டிருந்தது. வண்டி நின்ற இடத்தில் சக்கரத்தைத் திருப்ப இரண்டு கைகளின் பலமும் தேவைப்பட்டது. பெல்ட்டின் இறுக்கமும் டேங்கில் ஆயிலின் அளவும் சரியாக இருந்ததால், தேய்ந்தது பம்ப்தான் என்று உறுதியான பின்னரே புதியதை வாங்கினேன். தங்கள் பம்ப் புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) இல்லாமல் வந்தது. பழைய புல்லி ஷாஃப்ட்டில் இறுகப் பிடித்திருக்கும் வகையைச் சேர்ந்தது. அதைச் சுத்தியலால் தட்டிக் கழற்றுவதும் தட்டியே ஏற்றுவதும் பல இடங்களில் வழக்கம். அந்த அடி ஷாஃப்ட் வழியாக உள்ளே இறங்கி பேரிங்கையும் ரோட்டரையும் கெடுத்துவிடும். எனவே பக்கத்து லேத் பட்டறையிலிருந்து புல்லர் (புல்லியைத் தட்டாமல் இழுத்துக் கழற்றும் கருவி) வாங்கி வந்து கழற்றி, திருகி அழுத்தும் கருவியைக் கொண்டே புதிய ஷாஃப்ட்டில் பழைய ஆழத்துக்கு ஏற்றினேன். புல்லர் தேவைப்படும் என்பதைத் தங்கள் துண்டுத்தாள் ஓர் இடத்தில்கூடச் சொல்லவில்லை. சாதாரணக் கருவி என்று தாங்கள் கருதுவது எதை என்பதையும் இந்த இடத்தில் கேட்டுவைக்கிறேன்.

பிரஷர் லைன் (பம்ப்பிலிருந்து அழுத்தத்தோடு ஆயில் போகும் குழாய்) போல்ட்டுக்கு இருபுறமும் புதிய செம்பு வாஷர்கள் போட்டேன். டேங்கையும் ரிட்டர்ன் ஹோஸையும் கழுவிவிட்டு, வண்டியின் கையேட்டில் குறிப்பிட்டுள்ள வகை ஆயிலையே ஊற்றினேன். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினை இயக்காமலேயே ஸ்டீயரிங்கை இரு கோடிகளுக்கும் மெதுவாகத் திருப்பி, ஆயில் இறங்க இறங்க நிரப்பி, குமிழி வருவது முழுவதும் நின்ற பிறகே இன்ஜினை இயக்கினேன். இயக்கிய பின்னரும் ஸ்டீயரிங்கைக் கோடியில் பிடித்து வைக்கவில்லை. அப்படிப் பிடித்தால் அழுத்தம் உச்சத்துக்கு ஏறி ஆயில் கொதிப்பதோடு சீலும் பாழாகும் என்பது எனக்குத் தெரியும்.

இவ்வளவுக்குப் பின்னும் புல்லிக்குப் பின்னாலிருந்து ஆயில் சொட்டியது. ஒழுகுவது எங்கே என்று ஊகிக்காமல், பம்ப்பையும் எல்லா இணைப்புகளையும் துடைத்துக் காயவைத்து, முகத்துக்குப் பூசும் பவுடரை மெல்லத் தூவி இன்ஜினை ஓடவிட்டேன். ஹோஸ் இணைப்புகளில் பவுடர் உலர்ந்தபடியே இருந்தது. ஷாஃப்ட் வெளிவரும் துளையைச் சுற்றி மட்டுமே நனைந்து வழிந்தது. அதன் புகைப்படங்களைத் தங்களுக்கு முன்பே அனுப்பியிருக்கிறேன். அதற்கு வந்த பதில், ஆயிலில் ஏர் (காற்று) பிடித்திருக்கும், மறுபடியும் ஏரை எடுத்துப் பாருங்கள் என்பது. ஏர் பிடித்தால் ஆயில் நுரைத்துப் பால்போல் வெளுக்கும், பம்ப் இரையும், ஸ்டீயரிங் விட்டுவிட்டு இழுக்கும். இவற்றில் ஒன்றும் என் வண்டியில் இல்லை. பொருளைக் கண்ணால் பாராமலே பழுதின் காரணத்தை முடிவு செய்யும் முறை தங்கள் நிறுவனத்தில் எப்படி வந்தது என்று வியப்பாக இருக்கிறது.

இதைவிடக் கவலை தரும் செய்தி ஒன்று உண்டு. பம்ப்பைக் கழற்றிப் பார்த்தபோது, சீலின் உதடு உராயும் இடத்தில் ஷாஃப்ட்டில் துருவால் ஏற்பட்ட பொடிக்குழிகள் இருந்தன. அந்தப் பரப்பு கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தால்தான் சீல் ஆயிலைத் தாங்கும். மேலும், பின்புறப் போல்ட்டின் தலையில் கறுப்புப் பெயின்ட்டுக்கு அடியில் பழைய ஸ்பேனர் தடம் தெரிகிறது. பெட்டியின் மேல் ‘புதியது’ என்றுதான் அச்சிட்டிருக்கிறீர்கள். இது புதுப்பிக்கப்பட்ட பழைய பம்ப்பா, நெடுநாள் கிடங்கில் கிடந்த சரக்கா என்பதை நான் தீர்மானிக்கவில்லை. தாங்கள் எழுத்துமூலம் சொல்ல வேண்டும். புதுப்பித்த அல்லது பழைய பொருளைப் புதியது என்று காட்டி விற்பதை, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47) நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே வரையறுக்கிறது.

என் வண்டி வடகாடு, பாச்சலூர் மலைப்பகுதியிலிருந்து ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி இறக்கும் வண்டி. பம்ப் நின்றுபோனாலும் சக்கரம் திரும்பத்தான் செய்யும். ஆனால் பாரத்தோடு இறங்கும்போது கொண்டை ஊசி வளைவின் நடுவில் ஸ்டீயரிங் திடீரெனக் கனத்தால், அதைச் சமாளிக்க ஓட்டுநருக்குக் கிடைப்பது ஓரிரு நொடிகளே. ஒழுகிய ஆயில் பெல்ட்டில் பட்டு அதுவும் வழுக்கத் தொடங்கியதால், வண்டியை நிறுத்திவிட்டு வாடகை வண்டியில் சரக்கு ஏற்ற வேண்டியதாயிற்று.

ஆகவே, பம்ப்பின் விலையையும், வீணான ஆயில், பெல்ட் ஆகியவற்றுக்கான ரூ. 1,740-ஐயும், ரசீதுடன் இணைத்துள்ள வாடகைத் தொகையையும் திருப்பித் தர வேண்டுகிறேன். மாற்று பம்ப் அனுப்புவதாக முன்வந்தால் அதை ஏற்கும் எண்ணம் எனக்கு இல்லை. அதே கிடங்கிலிருந்து வரும் இன்னொன்றை நம்பி மலையேற நான் தயாராக இல்லை. பழுதான பம்ப்பைக் கழற்றியபடியே துடைக்காமல் வைத்திருக்கிறேன். தங்கள் செலவில் ஆளனுப்பி என் முன்னிலையில் பரிசோதித்துக்கொள்ளலாம். பணிமனையில் பொருத்தினால்தான் உத்தரவாதம் என்பது உண்மையான நிபந்தனை என்றால், விற்பனைப் பக்கத்தில் வீட்டிலேயே பொருத்தலாம் என்ற வரிக்கு அருகிலேயே அதை அச்சிட வேண்டும். இல்லையென்றால் அந்த வரியை நீக்க வேண்டும்.

இணைய வணிகத்துக்கான 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, இக்கடிதம் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண்பது குறைதீர்ப்பு அலுவலரான தங்கள் பொறுப்பு. அதற்குள் முடிவு தெரியவில்லையெனில், நான் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் அளிக்கச் சட்டம் இடம் தருவதால், திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். தொலைபேசி அழைப்புகள் வேண்டாம். பதிலை எழுத்தில் மட்டும் அனுப்பவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: பம்ப் வாங்கிய ரசீது, விற்பனைப் பக்கத்தின் படி, ஒழுகல் மற்றும் ஷாஃப்ட்டின் புகைப்படங்கள், ஆயில், பெல்ட், வாடகை வண்டி ரசீதுகள்.